இரண்டு வார்டுகளுக்கு நடுவில்

ரொட்டிக்காரர் இறந்துபோன வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பண்றது, கேன்சர்" என்றார்கள். போகிறவர்கள் படியில் நின்று பெருமூச்சு விட்டு, "கேன்சர் வந்தா விடுமா?" என்றார்கள். கேட்டுக் கேட்டு, மூலையில் நின்றிருந்த ஹாரனுக்குக் காது எரிந்தது.

ஹாரன் என்பது அவளுக்குப் பணிமனையில் வைத்த பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருநாள் வண்டியின் ஹாரன் பழுதாகிப்போக, ஜன்னல் வழியே தலையை நீட்டி அதட்டல் போட்டே வண்டியைப் பணிமனை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாளாம். அந்தக் கதை வாய்க்கு வாய் வளர்ந்து, கடைசியில் பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தக் குரலை அவள் எங்கேயும் அடக்கி வைத்ததில்லை. துக்க வீட்டிலும் அடக்கவில்லை.

"கேன்சர் இல்லங்க" என்றாள். "கேன்சர் அவர விட்டுப் போயிடுச்சு. டாக்டரே சொல்லிட்டாங்க. அவர் போனது நெஞ்சு நின்னு. அத ஒருத்தரும் பாக்கல."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரரின் மனைவி தலையைத் தூக்கினாள்.

"யார் பாத்திருக்கணும்?" என்று கேட்டாள். "நானா?"

ஹாரனின் கணவர் அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் அவர். அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிறவருக்கு உண்டான நிதானம். தெருமுனை வந்ததும், "அந்தம்மா மொகத்தப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்தேன். அதுக்காக பொய் சொல்லி அவர அனுப்பச் சொல்றீங்களா?"

"உண்மையச் சொல்லவும் ஒரு நேரம் இருக்கு."

"நேரம் பாத்துப் பாத்துத்தான் அவர் போய்ச் சேந்தார்."

அவளுக்கும் ரொட்டிக்காரருக்கும் பழக்கம் ஆனது ஆஸ்பத்திரியில், மருந்து ஏற்றும் கூடத்தில். அவளுக்கு இடது மார்பில் கட்டி. அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியதில் ஆரம்பித்த ரத்தக் கேன்சர். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு மருந்து. "டிரைவரம்மா, உங்க வண்டிக்கும் என் அடுப்புக்கும் ஒரே பங்க்ல இருந்துதான் எண்ணெய் வருது போல" என்பார். வாந்தி வருகிற நேரத்திலும் சிரிக்க வைத்துவிடுவார். சிகிச்சை முடிந்து, நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் அடுப்பிலிருந்து சூடாக ரொட்டி வந்தது.

அதற்குப் பிறகும் போனில் பேசிக்கொள்வார்கள். கடைசியாகப் பேசியபோது, "மாவு மூட்டையத் தூக்குனா மூச்சு இரைக்குது டிரைவரம்மா. நெஞ்சுல ஒரு எரிச்சல் வேற. மருந்தோட மிச்சம், போகப் போகச் சரியாயிடும்" என்றார். சரியாகவில்லை. ஒரு காலையில் அடுப்பின் வாயிலேயே சரிந்து விழுந்தார். கேன்சரைத் துரத்தியடித்த மனுஷனை நெஞ்சு வலி கொண்டுபோய்விட்டது. ஊர் என்னவோ பழைய எதிரியின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று அவளுக்கு அத்தனை கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் அவளுக்கும் மூச்சு இரைத்தது.

*

அறுவைச் சிகிச்சை, சிவப்பு மருந்து, கதிர் வைத்தியம் எல்லாம் முடிந்து, ஹாரன் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஊசி மருந்து மட்டும் பாக்கி. அதற்குப் போகும்போது கேன்சர் டாக்டரம்மாவிடம் மூச்சு இரைக்கிறது என்று சொன்னாள். நல்ல மனுஷிதான் டாக்டரம்மா. ஆனால் வாசலில் இருபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். "களைப்பு கொஞ்ச நாள் இருக்கும்மா, ரெஸ்ட் எடுங்க" என்றார். வீட்டில் சொல்லியிருந்தால் கணவர் வேலையை விடச் சொல்லியிருப்பார். கீழ்வீட்டில் குடியிருக்கும் நாத்தனாரோ கட்டிலோடு கட்டிப்போட்டிருப்பாள். ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ரொட்டிக்காரர் வீட்டிலிருந்து வந்த பிறகு அதுவும் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது.

அடுத்த வாரமே அது நடந்தது. அலுவலக நேரம், வண்டி நிறைய கூட்டம். மேம்பாலத்தில் ஏறும்போது சீட் பெல்ட்டை யாரோ பின்னாலிருந்து இழுத்து இறுக்குவதுபோல் இருந்தது. கையை விட்டுத் தளர்த்தினாள். பெல்ட் தளர்வாகத்தான் இருந்தது. இறுக்கம் போகவில்லை. தாடையில் பல்வலி மாதிரி ஒன்று கிளம்பி இடது தோளுக்கு இறங்கியது. நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது.

மற்றவர்களாக இருந்தால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவள் பாலம் இறங்கியதும் ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்து, இரண்டு கதவையும் திறந்து, எஞ்சினை அணைத்தாள்.

"ஏம்மா, என்னாச்சு?" "ஆபீசுக்கு லேட்டாகுது!" "வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு, பணிமனைக்கு போன் போட்டாள். கட்டுப்பாட்டு அறைக்காரர் எடுத்தார்.

"என்ன ஹாரன், நடுரோட்ல வண்டி நிக்குதாமே?"

"நெஞ்சு வலிக்குது. வேற டிரைவர அனுப்புங்க."

"வாயுவா இருக்கும். இந்த நேரத்துல ஆளுக்கு எங்க போவேன்? டெர்மினஸ் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்துடு, பாத்துக்கலாம்."

"வாயுவோ என்ன எழவோ, என் முதுகுக்குப் பின்னாடி ஒரு பஸ் ஜனம் நிக்குது. ஓட்ட மாட்டேன். சாவிய எடுத்துட்டேன்."

"ரிப்போர்ட் எழுதிடுவேன் பாத்துக்க."

"நல்லா எழுதுங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னேன்னும் சேத்து எழுதுங்க."

திட்டிக்கொண்டே இறங்கியவர்கள் இறங்கினார்கள். நின்றவர்களும் உண்டு. பள்ளிக்கூடப் பையோடு வந்த ஒரு தாய், கையிலிருந்த காகிதத்தால் அவளுக்கு விசிறினாள். யாரோ ஒரு டாக்சியை மறித்தார். ஏறும்போதும் ஹாரன் திரும்பி, "யாராவது வண்டிக்குக் காவலா நில்லுங்க" என்று அதட்டிவிட்டுத்தான் ஏறினாள்.

*

அவசரப் பிரிவில் இருந்தவர் இளவயது டாக்டர். தலையில் கட்டியிருந்த துணியையும், காலர் எலும்புக்குக் கீழே மருந்து ஏற்றிய தழும்பையும் பார்த்தார்.

"கேன்சர் பேஷண்டா?"

"பஸ் டிரைவர்" என்றாள்.

ஈசிஜி எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வலியும் கொஞ்சம் அடங்கியிருந்தது. டாக்டர் அவள் கையைத் தட்டி, "பயப்படாதீங்கம்மா. உங்க நிலைமைல இருக்கறவங்களுக்கு மனசுல ஒரு பதற்றம் இருந்துகிட்டே இருக்கும். சின்னதா ஏதாவது வந்தாலும் பெருசாத் தோணும். வீட்டுக்குப் போயிட்டு, உங்க கேன்சர் டாக்டர வந்து பாருங்க" என்றார்.

கடையைப் பாதியில் மூடிவிட்டு, தோளில் வாடிக்கையாளர் முடி ஒட்டியிருக்க ஓடிவந்திருந்த கணவர், "அப்பாடா" என்று அவள் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் போட்டார். ஹாரன் காலைக் கீழே வைக்கவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"என் வயசுல ஒரு பொம்பள. கேன்சர் கீன்சர் எதுவும் கெடையாது. பஸ் ஓட்டிட்டிருக்கும்போது நெஞ்சப் புடிச்சிட்டு வந்தா, வேர்த்துக் கொட்டுச்சுன்னா, தாடை வலிச்சுதுன்னா, அவளுக்கு என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "ரத்தம் எடுப்போம். கொஞ்ச நேரம் வச்சிருந்து மறுபடி ஈசிஜி எடுப்போம். ஹார்ட்ட ஸ்கேன் பண்ணிப் பாப்போம்."

"அந்தப் பொம்பள நான்தான்னு நினைச்சுக்கங்க."

"அம்மா, வெளிய படுக்கை கேட்டு..."

"பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னா நானே எந்திரிச்சுப் போயிடறேன். பாக்காம எந்திரிக்க மாட்டேன். வேணும்னா கட்டிலோட சேத்துத் தள்ளிட்டுப் போங்க."

கணவர் தரையைப் பார்த்தார். டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கோபத்தை மென்று விழுங்கிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அவரே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். "ரத்தத்துல ஹார்ட் பாதிச்ச அடையாளம் இருக்கு. நீங்க போகாதது நல்லதாப் போச்சும்மா" என்றார், ஒளிக்காமல். அந்த ஒரு சொல்லுக்காக ஹாரனுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவளை இதய வார்டில் சேர்த்தார்கள்.

*

இதய டாக்டர் நரைத்த புருவக்காரர். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். கட்டில் ஓரத்தில் நின்று விவரத்தைச் சொன்னார். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது. சிவப்பு மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். இப்போது போடுகிற ஊசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். அது தவிர, இதயத்துக்குப் போகிற ஒரு குழாயில் அடைப்பு. அது நேற்று இன்று வந்ததல்ல, கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தால் வருஷக்கணக்கில் வளர்ந்தது.

"கேன்சர் வந்தவங்களுக்கு ஹார்ட் நோய் வராதுன்னு ஒரு நினைப்பு. நிஜத்துல அவங்களுக்குத்தான் கூடுதலா பாக்கணும்" என்றார்.

"அப்ப அடைப்ப எடுத்துடுங்க."

அவர் புருவத்தைத் தடவினார். "கேன்சர் வார்டுல என்ன சொல்றாங்கன்னு கேக்கணும். குழாய விரிச்சு ஸ்டென்ட் வச்சா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். உங்களுக்கு மேற்கொண்டு என்ன சிகிச்சை, எவ்வளவு நாள்... அதெல்லாம் தெரிஞ்சாத்தான். இல்லன்னா மாத்திரைலயே ஓட்டலாம்."

கேன்சர் வார்டில் கேட்டார்கள். இதயக்காரர்கள் முதலில் முடிவு சொல்லட்டும், அதற்குப் பிறகு ஊசியைப் பற்றிப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இதய வார்டிலிருந்து மறுபடி ஆள் போயிற்று. மறுபடி அதே பதில் வந்தது. ஒரே மாடியில், ஒரு நீள வராந்தாவின் இந்தக் கோடியும் அந்தக் கோடியுமாக இருந்த இரண்டு வார்டுகள். நடந்து போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அவளுடைய கேள்வி மட்டும் நாட்கணக்கில் நடுவிலேயே அலைந்தது.

இடையில் நாத்தனார் வந்தாள். வந்ததும் வராததுமாகக் கட்டிலைச் சுத்தம் செய்தாள், ஜன்னலைச் சாத்தினாள், அழுதாள்.

"இவளே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. ஒரு ஒடம்பு எத்தனையத்தான் தாங்கும்? அறுத்தது போதும், குத்துனது போதும். வந்தத ஏத்துக்கிட்டு, வீட்டோட அமைதியா இரு. நான் பாத்துக்கறேன் உன்ன."

"அண்ணி, நீங்க பாத்துப்பீங்கன்னு தெரியும். ஆனா நான் போறதுக்கு நாள் பாத்துட்டீங்கன்னும் தெரியுது."

"ஐயோ, வாயக் கழுவுடி!"

"சீட்ல உக்காந்திருக்கற ஆளு இன்னும் எறங்கல அண்ணி. அதுக்குள்ள துண்டு போட்டு எடம் புடிக்காதீங்க."

நாத்தனார் தான் சாத்திய ஜன்னலைக் கோபத்தில் திறந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில், டாக்டர்கள் சுற்றி வரும் நேரம் பார்த்து, ஹாரன் மருந்து பாட்டில் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் வராந்தாவின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

நர்ஸ் பதறி ஓடிவந்தாள். "அக்கா, இங்கல்லாம் உக்காரக் கூடாது. வார்டுக்கு வாங்க."

"எந்த வார்டுக்கு?" என்று கேட்டாள் ஹாரன். "நான் எந்த வார்டு ஆளுன்னு அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு நடுவுலதான் எடம்."

ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர்கள் அவளைச் சுற்றி வளைந்து போனார்கள். யாரோ சிரித்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் படிக்கட்டுப் பக்கமிருந்து ரொட்டிக்காரரின் மனைவி வந்தாள். பணிமனை ஆள் ஒருவர் ரொட்டி வாங்க வந்த இடத்தில் சொல்லியிருக்கிறார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. வந்தவள் ஹாரனையும், நாற்காலியையும், கம்பியையும் ஒருமுறை பார்த்தாள்.

"அன்னைக்கு உன்ன அறையணும்போல இருந்துது" என்றாள்.

"அறைஞ்சிருக்கலாம் அக்கா. சொன்ன எடம் தப்பு."

"எடம் தப்புதான். விஷயம் தப்பில்ல." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நெஞ்சு எரியுதுன்னு சொன்னாரு. சோடா குடிங்கன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஏப்பம் விட்டுட்டு, இப்ப தேவலன்னாரு. அதையே நினைச்சுகிட்டிருக்கேன்."

"அக்கா, டாக்டருக்கே தோணாதது உங்களுக்குத் தோணணுமா? அன்னைக்கு நான் கோவப்பட்டது உங்க மேல இல்ல."

"தெரியும். தெரிஞ்சும் வலிச்சுது." பிறகு மூலையில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுத் தானும் உட்கார்ந்தாள். "நகரு. ரெண்டு பேரா உக்காந்தா சுத்திப் போறது இன்னும் கஷ்டமாத்தான் இருக்கும்."

இருந்தது. முதலில் இந்தக் கோடியிலிருந்து இதய டாக்டர் வந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து கேன்சர் டாக்டரம்மா வந்தார், நர்ஸ் முன்னால் ஓட.

"என்னம்மா இது கூத்து?" என்றார் இதய டாக்டர்.

"கூத்துதான் டாக்டர். பந்து நான்தான், உருட்டறது நீங்க ரெண்டு பேரும். இப்ப பந்து நடுவுல உக்காந்திடுச்சு." அவள் குரல் வராந்தாவின் இரண்டு கோடிக்கும் கேட்டது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கேன்சர் இருக்கறதால இந்த அடைப்ப எடுத்து என்ன ஆகப் போகுதுன்னு நினைக்கறீங்களா? நான் எதுல சாகணும்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களா?"

வார்டு வாசல்களில் நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

ரொட்டிக்காரரின் மனைவி எழுந்தாள். "டாக்டரம்மா, என்னைய ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுக்காரர் இங்கதான் வந்தாரு. போயிட்டாரு. நெஞ்சுல. இந்தப் பொண்ணயும் அப்படி அனுப்பிடாதீங்க."

கேன்சர் டாக்டரம்மாவின் முகம் மாறியது. ரொட்டிக்காரர் போனது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு இதய டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு நாங்க ஆரம்பத்துல ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். ஊசி போடப் போட நடுவுல மறுபடி எடுத்திருக்கணும். விட்டுப்போச்சு. எங்க பக்கத் தப்பு." அதை நோயாளியின் காதுபடவே சொன்னார். "நோய் இவங்களுக்கு நல்ல கட்டுப்பாட்டுல இருக்கு. இன்னும் எத்தனையோ வருஷம் இருக்க வேண்டியவங்க. உங்களுக்கு வேற யோசனை வேண்டாம்."

"அத முன்னாடியே யாராவது எங்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த இதய டாக்டர் நிறுத்திக்கொண்டார். "நானும் நடந்து வந்து கேட்டிருக்கலாம்."

அந்த இடத்திலேயே, வராந்தாவில் நின்றபடியே, இருவரும் பேசி முடித்தார்கள். முதலில் அடைப்பை எடுப்பது. ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, இதயத்துக்கு மாத்திரை கொடுத்துப் பலம் ஏற்றுவது. பலம் வந்ததும், அடிக்கடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே மறுபடி ஊசியைத் தொடங்குவது.

ஹாரன் எழுந்தாள். நாற்காலியைத் தானே தூக்கப் போனாள். "அத விடுங்கம்மா" என்று இதய டாக்டர் அதட்டினார். அந்த ஒரு அதட்டலுக்கு மட்டும் அவள் அடங்கினாள்.

*

மணிக்கட்டு வழியாகத்தான் குழாயை விட்டார்கள். அவள் விழித்துக்கொண்டே கிடந்தாள். தலைக்கு மேல் திரையில் அவளுடைய இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

"நெஞ்சுக்குப் போறதுக்குக் கை வழியா எதுக்கு டாக்டர்?"

"இதுதான் நல்ல ரோடு."

"மெயின் ரோட்ல டிராபிக்கா?"

முகமூடிக்கு மேலே நரைத்த புருவம் ஏறியது. "பேசாம இருந்தா சீக்கிரம் போய்ச் சேரலாம்" என்றார். ஆனால் சிரித்தார் என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமே. வலியெல்லாம் போய்விட்டது. ஊசி நின்றிருந்த அந்த நாட்கள்தான் அவளைத் தின்றன. குளிக்கும்போது தையல் தழும்பைச் சுற்றி விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் போய், முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிதாக முளைத்திருந்த முடியைக் கணவர் காதோரம் சரிசெய்தார்.

"நெஞ்சக் காப்பாத்தப் போயி, இந்தப் பக்கம் அது திரும்ப வந்துடுச்சுன்னா?" என்று கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

கத்திரி நின்றது. "பயமா இருக்கா?"

"இருக்கு. வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்லல." அவர் கத்திரியை வைத்துவிட்டு அவள் தலைமேல் கையை வைத்தார். கை நடுங்கியது. அத்தனை வருஷத்தில் அந்தக் கை நடுங்கி அவள் பார்த்ததில்லை. அவருக்கும் பயம்தான் என்று தெரிந்ததும் ஏனோ அவளுக்குத் தெம்பு வந்தது.

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். தினமும் சாயங்காலம் தெருவைச் சுற்றி நடந்தாள். கீழே விழுந்துவிடுவாள் என்று நாத்தனார் காவலுக்குப் பின்னாலேயே வந்தாள். சில நாளில் ஹாரன் முன்னால் போய்க்கொண்டிருக்க, காவல்காரி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அண்ணி, நாளைக்கு உங்களக் கூட்டிட்டுப் போறேன் டாக்டர்கிட்ட."

"எனக்கென்னடி? நான் குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்."

போனால், ரத்த அழுத்தம் எகிறிக்கிடந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கொண்டு நடந்தார்கள்.

இதயம் மெல்ல மெல்லத் தேறியது. ஊசி மறுபடி தொடங்கியது. அதே கூடம், அதே நாற்காலிகள். ரொட்டிக்காரரின் நாற்காலியில் யாரோ ஒரு புதியவர் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, நெஞ்சு எரியுதா?"

"வாயு."

"நர்ஸ்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா."

"என் வேல இதுதான்னு வச்சுக்கங்க" என்றவள், கூடமே திரும்பிப் பார்க்கும்படி நர்ஸைக் கூப்பிட்டாள். அவருக்கு உண்மையிலேயே வாயுதான் என்று தெரிந்தது. ஊசி முடியும் வரைக்கும் அவர் முறைத்துக்கொண்டே இருந்தார். ஹாரன் அதற்கெல்லாம் வெட்கப்படவில்லை.

*

பணிமனையில் மருத்துவத் தகுதி பார்க்கிற அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். விசாரணை ஜன்னலில் ஓர் இடம் இருக்கிறது, நிழல், மின்விசிறி, கவுரவமான வேலை என்றார்.

"ரெண்டு பெரிய நோயப் பாத்துட்டீங்க. இனிமே எதுக்குங்க ஸ்டியரிங்? இதுவே பெரிய விஷயம்னு நினைச்சு உக்காருங்க."

"சார், எனக்கு ஓட்டத் தகுதி இல்லன்னா நானே உக்காந்துக்கறேன். நெஞ்சு வலிச்ச அன்னைக்கு யாரும் சொல்லாம நானாத்தான் வண்டிய நிறுத்துனேன். தகுதி இருக்கா இல்லையான்னு டெஸ்ட்ல பாருங்க. பாவம் பாத்து உக்கார வைக்காதீங்க."

"இப்ப வண்டி தர முடியாது. இதயத்தோட பலம் இன்னும் கொஞ்சம் ஏறணும். விதி அப்படி."

"சரி. எப்ப வரணும்?"

தேதி சொன்னார். அது வரைக்கும் ஜன்னலில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள். தேதியன்று போனாள். மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையில் நடக்க வைத்தார்கள். ஏற்றம் கூடிக்கொண்டே போயிற்று. போதுமா என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டி இன்னும் என்றாள். கண்ணாடிக்கு வெளியே கணவரும், நாத்தனாரும், கடையை மூடிவிட்டு வந்திருந்த ரொட்டிக்காரரின் மனைவியும் நின்றிருந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. கால் கடுத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இறுகவில்லை.

முடிவைப் பார்த்த அதிகாரி முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. குறுகிய தடம், பகல் நேரம், சில மாதத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை, ஒருமுறை தவறினாலும் உரிமம் போகும் என்று நிபந்தனை போட்டார். அத்தனைக்கும் அவள் சரி என்றாள்.

முதல் நாள் பணிமனையில் ஒருவரும் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறைக்காரர் மட்டும் சாவியைக் கையில் கொடுக்கும்போது, "வலிச்சா நிறுத்திடு" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

மூன்றாவது நிறுத்தத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார் ஒரு பெரியவர். கையில் காய்கறிப் பை. கடிகாரத்தைக் காட்டிச் சத்தம் போட்டார்.

"எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா? வண்டி ஓட்டறியா, தேர் இழுக்கறியா? உக்காந்த எடத்துல வேல, உங்களுக்கென்ன கவலை!"

அவளுக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாது. தலைமுடி ஏன் அத்தனை குட்டை என்றும் தெரியாது. அவருக்கு அவள், தாமதமாக வந்த ஒரு பஸ் டிரைவர். அவ்வளவுதான்.

ஹாரனுக்கு அதைக் கேட்கக் கேட்க உச்சி குளிர்ந்தது.

"பெரியவரே," என்றாள், பின்சீட்டில் தூங்கியவர்கள் விழித்துக்கொள்ளும் குரலில், "கத்தறது அப்பறம். மொதல்ல கம்பியப் புடிங்க. இந்தக் கொஞ்ச தூரம் ஓடுனதுக்கே இவ்வளவு இரைக்குதே, டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"ஒன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானாத்தான் சொல்றேன்" என்று கதவை மூடிக் கியரைப் போட்டாள்.

அடுத்த நிறுத்தம் வரைக்கும் சண்டை நடந்தது.